மின்னணுக் கழிவில் எது அபாயம்? தரம் பிரிக்கப் புதிதாக வந்தவர்களுக்கு

மேஜையின் மேல் ஆறு பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்பக்கம் புடைத்த பழைய டிவி, லேப்டாப், கீபோர்டு, ஸ்கேனரும் சேர்ந்த பிரிண்டர், எமர்ஜென்சி விளக்கு, செல்போன். இதில் எவை அபாயக் கழிவு என்று புதிதாக வந்தவரிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "எல்லாமே விஷம்தானே?" என்பார். இல்லையென்றால், "டிவி மட்டும்தான், மற்றதெல்லாம் பிளாஸ்டிக்கும் இரும்பும்" என்பார்.

இரண்டுமே வேலைக்கு ஆகாது. எல்லாவற்றையும் அபாயம் என்று எழுதித் தள்ளினால், கவனிக்க வேண்டிய பாட்டரி, கவனிக்கத் தேவையில்லாத கீபோர்டுக் குவியலுக்கு அடியில் போய்விடும். டிவியை மட்டும் ஒதுக்கினால், எமர்ஜென்சி விளக்குக்குள் இருக்கும் ஈய பாட்டரி யார் கண்ணிலும் படாது. அதனால் நான் ஒவ்வொரு பொருளிடமும் மூன்று கேள்வி கேட்பேன். உள்ளே எந்தப் பாகம் இருக்கிறது? அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது? அதை என்ன செய்யப்போகிறோம்? நாட்டுக்கு நாடு சட்டத்தின் வார்த்தைகள் மாறும். ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்.

முதல் படி: இது கழிவுதானா?

இதைச் சட்டென்று முடித்துவிடலாம். வேலை செய்கிற, இன்னொருவர் பயன்படுத்தப்போகிற பொருள் கழிவு ஆகாது. ஆனால் "வேலை செய்யும்" என்று வாயால் சொன்னால் போதாது. மின் இணைப்பு கொடுத்துச் சோதித்த குறிப்பு வேண்டும், போகும் வழியில் உடையாதபடி பொதிந்திருக்க வேண்டும். ஓடுகிற மானிட்டர்களையே அட்டைகூட வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக லாரியில் கொட்டியிருந்தால், பார்க்கிற அதிகாரி அதைக் கழிவு என்றுதான் எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்வது நியாயமும்கூட, இறக்கும்போது பாதி உடைந்திருக்கும்.

எல்லை தாண்டிப் போகிற சரக்கு என்றால் இந்தக் கேள்வியின் கனம் கூடிவிடும். அபாயக் கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தம் 1989-ல் உருவாகி 1992-ல் நடைமுறைக்கு வந்தது. முன்பெல்லாம் அதில் அபாயமான மின்னணுக் கழிவுக்குத்தான் முன் அனுமதி தேவைப்பட்டது. 2022-ல் செய்த திருத்தத்தின்படி, 2025 ஜனவரி 1 முதல் அபாயமில்லாத மின்னணுக் கழிவுக்கும் இறக்குமதி செய்யும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும். அபாயமானது ஏ1181 என்ற குறியீட்டில் வரும், மற்றது ஒய்49-ல் வரும். "அபாயம் இல்லை என்று எழுதிவிட்டால் தொல்லை விட்டது" என்று நினைத்த காலம் போய்விட்டது.

இரண்டாம் படி: பாகங்களைத் தேடுவது

நேரம் பிடிக்கிற படி இதுதான். நல்ல செய்தி என்னவென்றால், தேட வேண்டிய பாகங்கள் அதிகமில்லை. பாசல் ஒப்பந்தத்தின் ஏ1181 பதிவே ஒரு பட்டியல் தருகிறது: பிக்சர் டியூப் கண்ணாடி, சில வகை பாட்டரிகள், பாதரசம் உள்ள சுவிட்சுகள், விளக்குகள், திரைக்குப் பின்னால் எரியும் விளக்குகள், பிசிபி என்ற குளோரின் எண்ணெய் உள்ள கெபாசிட்டர், கல்நார், சில சர்க்யூட் போர்டுகள், சில திரைகள், புரோமின் சேர்மங்கள் கலந்த சில பிளாஸ்டிக்குகள். இதில் ஏதாவது ஒன்று உள்ளே இருந்தால், அந்தப் பொருளையே சந்தேகப் பட்டியலில் வைத்துவிடலாம்.

பாட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஈயம், பாதரசம் எல்லாம் வருடக்கணக்கில் மெதுவாகக் கெடுதல் செய்யும். லித்தியம் அயான் பாட்டரி இன்றைக்கே, இந்தக் கிடங்கிலேயே தீப்பிடிக்கும். அழுத்தினாலோ குத்தினாலோ உள்ளே இரு முனைகளும் ஒட்டி, சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகும். அதன் திரவத்தில் இருக்கும் லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் என்ற உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வெளிவரும். அது தோலையும் நுரையீரலையும் அரிக்கும் வாயு. செல்போன் தட்டையாக இல்லாமல் திரை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால், பின்மூடி பிளந்து தெரிந்தால், உள்ளே பாட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். மூடியை அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கையில் எடுத்ததை மெதுவாகக் கொண்டுபோய், தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் மணல் போட்ட உலோக டப்பாவில் வையுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பாட்டரிக்கு இரு முனைகளிலும் டேப் ஒட்டினால் போதும்.

மற்ற பாட்டரிகள் இவ்வளவு அவசரம் காட்டாது. நிக்கல் காட்மியம், பழைய கார்ட்லெஸ் போன்களிலும் டிரில்லிங் மெஷின்களிலும் கிடைக்கும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் உலோகம். எமர்ஜென்சி விளக்கிலும் யுபிஎஸ்ஸிலும் இருப்பது மூடிய ஈய பாட்டரி. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்மங்களும்தான், கூடவே கந்தக அமிலம். பொருளின் அளவுக்குப் பொருந்தாத கனம் கையில் தெரிந்தால் அநேகமாக அதுதான்.

அப்புறம் பாதரசம். இது ஒளிந்துகொள்ளும் இடங்கள் சுவாரசியமானவை. டியூப் லைட், சுருள் சிஎஃப்எல் எல்லாருக்கும் தெரியும். பழைய எல்சிடி மானிட்டரும் லேப்டாப் திரையும் பலருக்குத் தெரியாது. எல்சிடி திரை தானாக ஒளிராது. அதன் பின்னால் ஒரு வெளிச்சம் வேண்டும். 2010-ஐ ஒட்டிய வருடங்கள் வரை அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் ‘சிசிஎஃப்எல்’ என்ற மெல்லிய குழாய் விளக்குகள்தான் கொடுத்தன. பென்சிலைவிட மெல்லியது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். லேப்டாப்பில் ஒன்று, மானிட்டரில் இரண்டோ நான்கோ, பெரிய டிவியில் பத்துக்கு மேல். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். அதன்பின் எல்இடி வந்து இந்தக் குழாய்களை ஓரங்கட்டியது.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. மானிட்டரின் பின்மூடியைக் கழற்றியதும் திரையின் ஓரத்திலிருந்து ஜோடி ஜோடியாகத் தடித்த ஒயர்கள் வந்து, சின்னச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் உள்ள இன்வெர்ட்டர் போர்டில் சொருகியிருந்தால் அது பாதரச விளக்கு. மெல்லிய தட்டை ஒயர் மட்டும் வந்தால் எல்இடி. நான் முதல் மாதத்தில் இதைப் பார்க்காமல் ஒரு திரையை முழங்காலில் வைத்து வளைத்தேன். சட்டத்துக்குள் "கிறிச்" என்று ஒரு சத்தம், உப்பைக் கடித்த மாதிரி. வெளியே எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஆளுக்கொரு பக்கமாக வெளியே நின்றோம்.

ஸ்கேனர் சேர்ந்த பழைய பிரிண்டரிலும் இதே மாதிரி குழாய் விளக்கு இருக்கலாம், கண்ணாடிக்குக் கீழே நகரும் அந்தத் தண்டில்தான். புரொஜெக்டர் விளக்கில் பாதரசம் உயர் அழுத்தத்தில் இருக்கும். பழைய தெர்மோஸ்டாட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் வெள்ளித் துளி உருளுவது தெரிந்தால், ஒரு குழாய் விளக்கில் இருப்பதைப்போலப் பல நூறு மடங்கு பாதரசம் அங்கே இருக்கிறது.

பிக்சர் டியூப் கதை வேறு. உள்ளே உருவாகும் எக்ஸ் கதிரைத் தடுக்கத்தான் கண்ணாடியில் ஈயம் கலந்தார்கள். கலர் டிவியில் முன்பக்கக் கண்ணாடியில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும், பின்பக்கப் புனல் கண்ணாடியில் ஈய ஆக்சைடு எடையில் ஏறக்குறைய கால் பங்கும் இருக்கும். இரண்டையும் ஒட்டும் கண்ணாடிப் பசையில் அதைவிடவும் அதிகம். ஈயம் கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடப்பதால் முழுசாக இருக்கும் டியூப் பக்கத்தில் நின்றால் ஒன்றும் ஆகாது. பொடிப்பொடியாக உடைந்து மழையில் கிடந்தால்தான் வினை. முன்கண்ணாடியின் உள்பக்கம் பூசிய ஒளிர்பொடியும் வெளியே வந்துவிடும். பழைய டியூப்களின் பொடியில் காட்மியம் சல்ஃபைடு உண்டு. டியூப்புக்குள் வெற்றிடம் என்பதால் கழுத்தில் தட்டினால் உள்வாங்கி வெடிக்கும். பழக்கமில்லாதவர் அதைக் கழற்ற வேண்டாம், அவ்வளவுதான்.

சர்க்யூட் போர்டுக்கு வருவோம். பழைய போர்டில் பாகங்களை ஒட்டவைக்கும் சால்டர் (உலோகப் பற்று) என்றால் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம். 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத சால்டரில் வெள்ளீயமும் கொஞ்சம் வெள்ளியும் செம்பும்; அது உருக 217 டிகிரியாவது வேண்டும். பழைய பற்று பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும், புதியது சற்று மங்கல் என்று சொல்லித்தருவார்கள். நான் அதை நம்பி முடிவெடுக்க மாட்டேன். போர்டிலேயே ஈயமில்லை என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

கெபாசிட்டரில் தேட வேண்டியது பிசிபி என்னும் குளோரின் எண்ணெய். 1970-களின் கடைசிவரை வந்த பெரிய மோட்டார் கெபாசிட்டர்களிலும், டியூப் லைட் சோக்குகளில் இருந்த கெபாசிட்டர்களிலும் அது இருக்கலாம். அமெரிக்காவில் 1979-ல் தடை வந்தது. தேதி தெரியாத பழைய உலோக டப்பா கெபாசிட்டரில் ‘பிசிபி இல்லை’ என்று எழுதியில்லாவிட்டால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ் அவனின் கெபாசிட்டர் வேறு வகை ஆபத்து. இணைப்பை எடுத்த பிறகும் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் அதில் மிச்சமிருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுக் கழிவுச் சட்டம் தனியே எடுத்தாக வேண்டிய பாகங்களுக்கு அளவே சொல்லியிருக்கிறது. செல்போன் போர்டு என்றால் எந்த அளவானாலும் எடுக்க வேண்டும், மற்ற பொருள்களில் 10 சதுர சென்டிமீட்டரைத் தாண்டிய போர்டு. 100 சதுர சென்டிமீட்டரைத் தாண்டிய எல்சிடி திரை, வாயு விளக்கு வெளிச்சம் உள்ள எல்லாத் திரைகளும். கவலைக்குரிய பொருள் உள்ள எலக்ட்ரோலைட் கெபாசிட்டரில் உயரமும் விட்டமும் 25 மில்லிமீட்டரைத் தாண்டியவை. வேறு நாட்டில் இருந்தாலும் இந்த அளவுகளை ஒரு ஸ்கேல் மாதிரி மனதில் வைத்துக்கொள்வது உதவும். கீபோர்டின் மூலையில் இருக்கும், தீப்பெட்டியில் பாதிகூட வராத சின்ன போர்டைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

பழைய வீட்டுப் புகை உணர்கருவிகளில் சிலவற்றுக்குள் அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சின்ன அளவில் இருக்கும். கருவியின் மேல் எங்காவது கதிரியக்கச் சின்னம் இருக்கலாம். திறக்காமல் தனியே வையுங்கள். பிரிட்ஜ், ஏசியில் பார்க்க வேண்டியது குளிரூட்டும் வாயு. பழைய பிரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் நுரையிலும் ஓசோனைக் கெடுக்கும் வாயு அடைந்திருக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுவார்கள்.

மூன்றாம் படி: சின்னங்களைப் படிப்பது, நம்பிவிடாமல்

புதியவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிச் சின்னத்தைப் பார்த்ததும் "ஆ, அபாயம்" என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சின்னம் சொல்வது, சாதாரணக் குப்பையோடு சேர்க்காதே, தனியே கொடு என்பதைத்தான். உள்ளே விஷம் இருக்கிறதா இல்லையா என்று அது பேசவே இல்லை. அதன் கீழே ஒரு கறுப்புப் பட்டை இருந்தால் 2005 ஆகஸ்ட் 13-க்குப் பிறகு ஐரோப்பியச் சந்தைக்கு வந்த பொருள் என்று தெரியும். வயது கணிக்க அது உதவும். பாட்டரியில் அதே சின்னத்தின் கீழே பாதரசத்துக்கோ, காட்மியத்துக்கோ, ஈயத்துக்கோ உரிய வேதியியல் குறியெழுத்து இருந்தால், அது உண்மையிலேயே உள்ளே இருப்பதைச் சொல்கிறது.

‘ரோஸ்’ முத்திரை இதற்கு நேர் எதிரான தப்பை வரவழைக்கும். அதைப் பார்த்தால் "சரி, இது சுத்தம்" என்று விட்டுவிடுவார்கள். ரோஸ் என்பது புதிய மின்னணுப் பொருள்களில் இன்னின்ன பொருள்கள் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த விதி. ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம், பிபிபி, பிபிடிஇ என்ற இரண்டு புரோமின் சேர்ம வகைகள் ஆகியவை 0.1 சதவீதம் வரை. காட்மியம் மட்டும் 0.01 சதவீதம். பிற்பாடு பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் நான்கு தாலேட்டுகளும் சேர்ந்தன. ஆனால் விதிவிலக்குகள் நிறைய. 85 சதவீதத்துக்கு மேல் ஈயம் உள்ள உயர்வெப்ப சால்டருக்கு விலக்கு கொடுத்தார்கள். சிசிஎஃப்எல் விளக்கின் பாதரசத்துக்கும் நீளத்தைப் பொறுத்து 3.5, 5, 13 மில்லிகிராம் என்று அனுமதி கொடுத்தார்கள். ஆக ரோஸ் முத்திரை குத்திய மானிட்டருக்குள் பாதரச விளக்கு சட்டப்படியே இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 0.1 சதவீதம் முழுப் பொருளின் எடைக்கு இல்லை. இயந்திரத்தால் மேற்கொண்டு பிரிக்க முடியாத ஒவ்வொரு ஒரே சீரான பொருளுக்கும் தனித்தனிக் கணக்கு. ஒயரின் உறை ஒன்று, உள்ளே இருக்கும் செம்பு ஒன்று, ஒரு சால்டர் பற்று ஒன்று. இரண்டு கிலோ பிரிண்டரில் இரண்டு கிராம் ஈயம் என்றால் 0.1 சதவீதம்தானே என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தால் எந்தப் பொருளையும் கனமான இரும்புப் பெட்டிக்குள் வைத்துச் சுத்தமாக்கிவிடலாமே.

பிளாஸ்டிக்கில் பயனுள்ள எழுத்து ஒன்று உண்டு. மூடியின் உள்பக்கம், இரண்டு கூர்முனைகளுக்கு நடுவில் பிளாஸ்டிக்கின் பெயரும், பக்கத்தில் ‘எஃப்ஆர்’ என்ற எழுத்தும், அடைப்புக்குறிக்குள் ஒரு எண்ணும் அச்சாகியிருக்கும். எஃப்ஆர் என்றால் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த மருந்து. எண் 40 என்றால் பாஸ்பரஸ் வகை. 14-லிருந்து 22 வரை என்றால் புரோமின் வகைகள். அதில் 18, 19 பிபிடிஇ, 20, 21 பிபிபி. 17 புரோமினும் ஆன்டிமனியும். எஃப்ஆர் என்ற எழுத்தே இல்லாமல் இருபது வருடப் பழைய டிவி மூடி வந்தால் அதற்காக மருந்தில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எழுதாமல் விட்டவர்கள் ஏராளம்.

நான்காம் படி: அளந்து பார்ப்பது

மேலே சொன்னதிலேயே பாதிக்கு மேற்பட்ட பொருள்களுக்கு முடிவு கிடைத்துவிடும். மிச்சத்துக்குத்தான் சோதனை. சோதனையில் இரண்டு கேள்விகள் உண்டு, இரண்டும் ஒன்றில்லை. உள்ளே மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. வெளியே எவ்வளவு கசியும் என்பது மற்றொன்று.

மொத்தத்தைச் சட்டென்று பார்க்க எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி போதும். பொருளின் மேல் வைத்து அழுத்தினால் சில விநாடிகளில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று திரையில் காட்டும். ஆனால் அது தனிமத்தைத்தான் காட்டும், சேர்மத்தைக் காட்டாது. குரோமியம் என்று காட்டினால் அது விஷமான ஆறு இணைதிறன் குரோமியமா, சாதாரண ஸ்டீலில் இருக்கும் குரோமியமா என்று அதற்குத் தெரியாது. புரோமின் என்று காட்டினால் அது தடை செய்த வகையா, அனுமதித்த வகையா என்றும் தெரியாது. புரோமின் அறவே இல்லை என்று காட்டினால் மட்டும் நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம்.

கசிவுக்கு உலகம் முழுக்க அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் டிசிஎல்பி சோதனை. குப்பைமேட்டில் அழுகும் குப்பையின் புளிப்பு நீர் இந்தப் பொருளின் மேல் பட்டால் என்ன வெளிவரும் என்பதை ஆய்வகத்தில் நடித்துப் பார்ப்பது மாதிரி. குறைந்தது நூறு கிராம் மாதிரியை 9.5 மில்லிமீட்டர் சல்லடையில் விழும் அளவுக்கு உடைத்து, அதன் எடையைப்போல் 20 மடங்கு அசெட்டிக் அமில நீரில் போட்டு, நிமிடத்துக்கு 30 சுற்று வீதம் 18 மணி நேரம் தலைகீழாக உருட்டுவார்கள். வடிகட்டிய நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஈயம் வந்தாலே அபாயக் கழிவு. காட்மியத்துக்கு 1, பாதரசத்துக்கு 0.2, குரோமியத்துக்கு 5, ஆர்சனிக்குக்கு 5, பேரியத்துக்கு 100.

அந்த 20 மடங்கில் புதியவர்களுக்குக் கைகொடுக்கும் ஒரு குறுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ கழிவில் 100 மில்லிகிராம் ஈயம் இருந்து, அத்தனையும் கரைந்தால்கூட லிட்டருக்கு 100-ஐ 20-ஆல் வகுத்து 5 மில்லிகிராம்தான் வரும். ஆக மொத்த ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், ஈயத்துக்காக அந்தச் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், தோற்க வாய்ப்பே இல்லை. இதைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். 200 கிராம் போர்டில் 4 கிராம் ஈயம் என்றால் 2 சதவீதம், அதாவது கிலோவுக்கு 20,000 மில்லிகிராம். முழுசும் கரைந்தால் லிட்டருக்கு 1,000. இருநூறில் ஒரு பங்கு கரைந்தாலே வரம்பைத் தொட்டுவிடும்.

அதோடு இந்தச் சோதனையின் முடிவு மாதிரி எடுக்கும் கையைப் பொறுத்து ஆடும். போர்டை மட்டும் உடைத்துப் போட்டால் ஒரு எண் வரும். அதே போர்டை இரும்புச் சட்டத்தோடு சேர்த்து உடைத்துப் போட்டால் வேறு எண் வரும், ஏனென்றால் நீரில் கரைந்த ஈயத்தை இரும்பு மறுபடி உலோகமாகப் படிய வைத்துவிடும். விஷம் அப்படியே இருக்கும், அறிக்கையில் எண் மட்டும் குறையும். அறிக்கை கைக்கு வந்தால் முதலில் எண்ணைப் பார்க்காதீர்கள். மாதிரியில் என்னென்ன சேர்ந்திருந்தது என்று பாருங்கள்.

ஐரோப்பாவில் வேறு பாதை. அங்கே கழிவுப் பட்டியலில் குறியீட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் அபாயம். தூக்கியெறிந்த கருவிகளுக்கு 16 02 13 என்ற நட்சத்திரப் பதிவும், அது இல்லாத 16 02 14 என்ற பதிவும் ஜோடியாக நிற்கும். அபாயப் பாகம் உள்ளே இருந்தால் முதலாவது, எடுத்துவிட்ட பின் இரண்டாவது என்று பெரும்பாலும் முடியும். நம் இரண்டாம் படியின் வேலை அங்கே நேரடியாகக் குறியீட்டையே மாற்றிவிடுகிறது.

ஐந்தாம் படி: என்ன நிலை, என்ன செய்யப்போகிறோம்

சட்டப்படி அபாயமில்லாத பொருளை ஒரே மதிய நேரத்தில் அபாயமாக்க முடியும். ஒயர்தான் நல்ல உதாரணம். செம்புக்கு மேலே பிவிசி உறை. சுருட்டி வைத்திருக்கும்வரை அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. இயந்திரத்தில் உரித்தால் செம்பு தனி, பிளாஸ்டிக் தனி. செம்பு சீக்கிரம் கிடைக்கட்டும் என்று கொளுத்தினால், பிவிசியின் குளோரினும் அரைகுறைத் தீயும் சேர்ந்து டையாக்சின்கள் என்ற கொடிய நச்சுகள் உருவாகும். அதை வேகப்படுத்தும் வினையூக்கி வேறு யாருமில்லை, அந்தச் செம்பேதான். புரோமின் மருந்து சேர்த்த பிளாஸ்டிக்கை எரித்தாலும் அதே குடும்பத்துப் புகைதான்.

பெரிலியமும் அப்படித்தான். கனெக்டர்களின் சுருள்தகடுகளில் செம்போடு ஒரு இரண்டு சதவீதம் பெரிலியம் கலந்திருக்கலாம். கையால் தொட்டால் ஒன்றுமில்லை. அரைத்துத் தூளாக்கினால் அந்தத் தூள் நுரையீரலில் தீராத நோயை உண்டாக்கும். தங்கத்துக்காக போர்டை அமிலத்தில் ஊறப்போடுகிறவர்கள் கையில் போர்டைவிடப் பெரிய அபாயம் அந்த அமிலக் கரைசல். அதில் செம்பும் ஈயமும் எல்லாம் கரைந்து கிடக்கும்.

அதனால் பதிவேட்டில் பாகத்தை எழுதும்போதே பக்கத்தில் நிலையையும் எழுதுங்கள்: முழுசாக, விரிசல், உடைந்தது, நனைந்தது, உப்பியது. டியூப் லைட் உடைந்துவிட்டால் துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம், பாதரசத்தைக் காற்றில் பரப்பிவிடும். காற்றோட்டத்தைத் திறந்துவிட்டு ஆட்களை வெளியேற்றி, கால் மணி நேரமாவது கழித்து, தடித்த அட்டையால் அள்ளி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். மிச்சப் பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்கலாம். லித்தியம் அயான் பாட்டரி தனியாகப் போகிறதா, கருவிக்குள்ளேயே இருந்து போகிறதா என்பதும் எழுத வேண்டிய ஒன்று. சரக்கு அனுப்பும்போது போட வேண்டிய ஆபத்துச் சரக்கு எண் முதலாவதுக்கு யுஎன் 3480, இரண்டாவதுக்கு யுஎன் 3481. சேதமடைந்த பாட்டரிக்கு இரண்டைவிடவும் கடுமையான பொதிவு விதிகள்.

இனி அந்த மேஜை

டிவி: பிக்சர் டியூப் இருக்கிறது, அபாயம். முழுசாகவே அனுப்ப வேண்டும். சோதனை எதுவும் தேவையில்லை.

எமர்ஜென்சி விளக்கு: ஈய பாட்டரியோடு சின்ன டியூப் லைட்டும் இருந்தால் இரண்டு அபாயம். இரண்டையும் எடுத்த பின் மிஞ்சுவது பிளாஸ்டிக் கூடும் சின்ன போர்டும். ஆறு பொருள்களில் சாதாரணமாகத் தெரிந்த இதற்குள்ளேயே இரண்டு வகை அபாயம்.

செல்போன்: பாட்டரி உப்பவில்லை என்றால் டேப் ஒட்டித் தனியே, உப்பியிருந்தால் மணல் டப்பா. பாட்டரியைப் பசையிட்டு ஒட்டியிருக்கும் மாடல் என்றால் நெம்பாதீர்கள், முழுப் போனையும் பாட்டரி வரிசையிலேயே வையுங்கள்.

பிரிண்டர்: டோனர் கார்ட்ரிட்ஜை முதலில் வெளியே எடுங்கள். டோனர் மிக நுண்ணிய தூள். காற்றில் பறந்தால் தீப்பொறிக்கே பற்றும். அப்புறம் ஸ்கேனர் கண்ணாடியின் கீழே விளக்குத் தண்டு. பளிச்சென்று ஒரு கண்ணாடிக் குழாய் தெரிந்தால் பாதரசம், வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் எல்இடி.

கீபோர்டு: கீழே திருப்பிப் பாருங்கள். ஒயர் உள்ளது என்றால் அபாயமில்லாத வரிசைக்கு அனுப்பிவிடலாம். ஒயரில்லாதது என்றால் பாட்டரி மூடியைத் திறவுங்கள். அநேகமாக இரண்டு பழைய செல்கள் வெள்ளையாகப் பூத்துப்போய் உள்ளேயே இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள்.

லேப்டாப்பில்தான் நேரம் ஆகும். பாட்டரியைக் கழற்றி முனைகளை டேப்பால் மூடியாயிற்று. போர்டு 10 சதுர சென்டிமீட்டரைத் தாண்டியது, அதனால் தனி. மூடியில் எஃப்ஆர் 40 என்று இருக்கிறது, அதனால் புரோமின் கவலை குறைவு. திரையின் கீழ்ச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் தூக்கினால், விரல் நீளத்துக்கு ஒல்லியான இன்வெர்ட்டர் போர்டு ஒன்று, அதிலிருந்து திரைக்குள் போகும் இரண்டு ஒயர்கள். பதிவேட்டில் இப்படி எழுதுங்கள்: "லேப்டாப் 1. திரை: பாதரச விளக்கு, முழுசாக உள்ளது, கழற்றவில்லை." கழற்றத் தெரிந்தவர் மேஜைக்கு அதைப் படுக்கவைத்தே கொண்டுபோங்கள்.